வால்பாறையில் மழையா?

களமசேரி எச்.எம்.டி. ஜங்ஷனுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் அந்தத் தென்காசிக்காரருக்கு வயது 66. தொழிற்சாலையில் 34 வருடம் லேத் மெஷின் முன்னால் நின்றவர். எதையும் அளந்து பார்த்துத்தான் செய்வார். ஆனாலும் ஒரே ஒரு நாள் பயணத்துக்கு நோட்டில் நான்கு பக்கம் திட்டம் எழுதுவார் என்று வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

காலாண்டு விடுமுறைக்கு மதுரையிலிருந்து வந்த பேரன் கேட்டது அதிரப்பள்ளி. களமசேரியிலிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர். ஆலுவா, அங்கமாலி தாண்டிச் சாலக்குடி. அங்கே பஸ் மாறிக் கிழக்கே காட்டுக்குள் ஒரு மணி நேரம். அருவியின் உயரம் சுமார் 80 அடி. 1986இல் வெளியான ‘புன்னகை மன்னன்’ படத்தில் காதலர்கள் குதித்ததிலிருந்து தமிழர்களுக்கு அது ‘புன்னகை மன்னன் அருவி’. பாட்டியும் அந்தப் பெயரைத்தான் சொன்னார். தாத்தா மட்டும் ‘‘யோசிக்கலாம்’’ என்றார்.

‘‘குத்தாலத்துச் சாரல்ல வளர்ந்தவருக்கு அருவி பார்க்க நோட்டுப் புஸ்தகமா?’’ என்று மனைவி கேலி செய்தார்.

முதல் பக்கத்தில் நேரக் கணக்கு. அக்டோபர் துலாமழைக் காலம். காலையில் பளிச்சென்று இருக்கும். மதியத்துக்கு மேல் இடி இடித்துக் கொட்டும். எனவே விடியுமுன் கிளம்பி, 12 மணிக்கெல்லாம் திரும்பும் பஸ்ஸில் இருக்க வேண்டும். ஞாயிறு வேண்டாம், கூட்டம்.

இரண்டாவது பக்கம் நடைக்கு. டிக்கெட் கொடுக்கும் இடத்திலிருந்து அருவியின் மேல்பகுதிக்குப் போவது சிரமமில்லை. அங்கிருந்து மரங்களுக்கு நடுவே கல் பாவிய சரிவில் அடிவாரம் வரை இறங்கலாம். இறங்கும்போது சுலபமாகத் தெரியும். ஏறும்போதுதான் வயது தெரியும். முழங்கால் வலியுள்ள பாட்டி மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வழுக்காத செருப்பு வேண்டும். மழை பெய்த காடென்றால் அட்டை ஏறும், அதற்கு உப்பு. இட்லிப் பொட்டலத்தைச் சாலக்குடியிலேயே காலி செய்துவிட வேண்டும். மேலே குரங்குகள் பையைப் பிடுங்கும். பிளாஸ்டிக் எதுவும் கூடாது.

மூன்றாவது பக்கத்தில் ஒரே ஒரு வரி: ‘வால்பாறையில் மழையா?’

அதிரப்பள்ளியில் விழும் தண்ணீர் அதிரப்பள்ளியில் பெய்த மழையல்ல. சாலக்குடி ஆறு ஆனைமலையிலிருந்து இறங்குகிறது. சோலையாறு, பரம்பிக்குளம், காரப்பாறை என்று பல ஆறுகள் சேர்ந்து வருவது அது. மேலே வால்பாறைப் பக்கம் இரவெல்லாம் கொட்டினால், கீழே வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு பெருகலாம். வழியில் அணைகளும் உண்டு. 1957இல் கட்டி முடித்த பெரிங்கல்குத்து அணை அருவிக்கு மேலே இருக்கிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்த அணையின் தலைக்கு மேலேயே தண்ணீர் வழிந்தோடியது. அதே நாட்களில் ஆலுவாவும் களமசேரியின் தாழ்வான தெருக்களும் மூழ்கியதை அவர் கண்ணால் பார்த்தவர்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததும் இதுதான். குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் மலையில் பெய்த மழை திடீரென்று வந்து இறங்கியது. 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அந்த வீடியோ செல்போன்களில் சுற்றியபோது, இவர் அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு எழுந்து போனார். மனைவிக்குக் காரணம் புரியவில்லை.

காரணம் 1977ஆம் வருடத்தில் இருந்தது. ஐ.டி.ஐ.யில் படித்த மூன்று நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்து ஆற்றுக்குப் போனார்கள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் கலங்கியதை முதலில் பார்த்தவர் இவர்தான். ‘‘மேலே யாரோ மாடு குளிப்பாட்டுறாங்க’’ என்று சொல்லிச் சிரித்தவரும் இவர்தான். பிறகு சருகு வந்தது, சுள்ளி வந்தது, சத்தம் வந்தது. இரண்டு பேர் கரையேறினார்கள். மூன்றாவது நண்பனின் சட்டையையும் வேட்டியையும் மடித்து எடுத்துக்கொண்டு அவனுடைய அம்மாவின் முன்னால் போய் நின்றது இவர்தான். அதற்குப் பிறகு எந்த அருவிக்கும் போனதில்லை. இதை யாரிடமும் சொன்னதும் இல்லை.

நான்காவது பக்கத்தின் தலைப்பு ‘திரும்புவது’. தண்ணீரின் நிறம் மாறினால், மிதந்து வரும் சருகு கூடினால், சத்தம் கனத்தால் கேள்வியே இல்லாமல் மேலே ஏறிவிட வேண்டும்.

சனிக்கிழமை விடியற்காலை 4 மணிக்கு வால்பாறைக்கு போன் செய்தார். அங்கே எஸ்டேட் ஆபீசில் வேலை பார்க்கும் அக்கா மகன் தூக்கக் கலக்கத்தோடு, ‘‘ராத்திரி பூரா ஊத்துது மாமா’’ என்றான். கட்டி வைத்த இட்லியை வீட்டிலேயே சாப்பிட்டார்கள். பேரன் அழுதான். மதியம் களமசேரியில் வெயில் கொளுத்தியது. சாயங்காலச் செய்தியிலும் அதிரப்பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘‘ஒண்ணும் ஆகலையே, போயிருக்கலாமே’’ என்றார் மனைவி. ‘‘ஆகலைன்னா நல்லதுதானே’’ என்று அவர் நோட்டை மூடினார்.

திங்கட்கிழமை காலையில் பதில் மாறியது. ‘‘நேத்துப் பூரா வெயில்தான் மாமா. தைரியமா போங்க.’’

எட்டரை மணிக்கு அருவியின் மேல் நின்றார்கள். இந்த ஆற்றில் 163 மெகாவாட் மின் திட்டம் ஒன்றைக் கொண்டுவரக் கேரள மின்வாரியம் பல வருடங்கள் முயன்றது. அனுமதிக்கக் கூடாது என்று 2011இல் மாதவ் காட்கில் குழு சொன்னது. அந்தச் சண்டைகள் எதுவும் தெரியாத மாதிரி ஆறு மூன்று பிரிவாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. பாட்டி மரத்தடியில் உட்கார, இருவரும் கல் பாதையில் மெல்ல இறங்கினார்கள். அடிவாரத்தில் திவலை முகத்தில் அடித்தது. பேரனின் மணிக்கட்டை அவர் விடவே இல்லை.

‘‘இங்க குளிக்கக் கூடாதா தாத்தா?’’

‘‘கூடாது.’’

‘‘ஏன்?’’

அனுமதி இல்லை என்று சொல்லி முடித்திருக்கலாம். அவர் ஒரு பாறையில் உட்கார்ந்து, பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, 48 வருடமாகச் சொல்லாததைச் சொன்னார். மாடு குளிப்பாட்டுவதாகச் சொல்லிச் சிரித்ததையும் மறைக்கவில்லை. அருவிச் சத்தத்தில் பாதி கேட்டிருக்காது. ஆனாலும் பையன் அதற்குப் பிறகு தண்ணீரை வேறு மாதிரி பார்த்தான்.

‘‘இப்ப நிறம் மாறலையே தாத்தா?’’

‘‘இல்ல. வெள்ளையாத்தான் இருக்கு.’’

பதினொன்றரைக்கு மேலே ஏறி வந்தார்கள். நோட்டில் எழுதியதைவிடக் கால் மணி நேரம் அதிகம் ஆகியிருந்தது. ‘‘ஏன் லேட்டு?’’ என்றார் பாட்டி. ‘‘தாத்தாகிட்ட ஒரு கதை கேட்டேன்’’ என்றான் பையன். பஸ் சாலக்குடியை நெருங்கும்போது முதல் இடி இடித்தது.