அம்மாவின் கொடியில் காயும் பைகள்

எங்கள் மூன்றாம் மாடி பால்கனிக் கொடியில் உடுப்புகளோடு சேர்த்து ஷொப்பிங் பேக்குகளும் காயும். அம்மாவின் வேலை. மீன் வாங்கி வந்த பை என்றால் பிழிந்த தேசிக்காய்த் தோலைப் போட்டு உரசி, உட்புறத்தை வெளியே புரட்டி, கிளிப் குத்தித் தொங்கவிடுவார். வெள்ளவத்தையில் கடற்காற்றுக்கு என்ன பஞ்சம், அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். பிறகு நீட்டாக மடித்து, முக்கோணமாகத் திருப்பித் திருப்பி, கடைசியில் ஒரு சின்னச் சமோசா அளவில் பழைய பால்மா டின்னுக்குள் போய்விடும். யாராவது வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் நான் முதலில் செய்வது அந்தக் கொடியை வெறுமையாக்குவதுதான்.

2025 நவம்பர் 1ஆம் திகதி முதல் கைபிடி வைத்த பொலித்தீன் பையை இனி இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விலையைக் காட்சிக்கு வைத்து பில்லிலும் போட வேண்டும் என்று பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை வர்த்தமானியில் அறிவித்தது. அந்தக் கிழமை காலி வீதி சுப்பர் மார்க்கெட் ஒன்றில் எனக்கு முன்னால் நின்ற மனிதரை மறக்க முடியாது. ஆறாயிரம் ரூபாவுக்கு மேல் பில். பைக்குச் சில ரூபாய்தான். “வேண்டாம்” என்றார், ஏதோ கொள்கை விஷயம் போல. பருப்புப் பக்கெற்றை இடது கக்கத்தில் செருகி, பாணை நாடிக்குக் கீழே பிடித்து, முட்டைப் பெட்டியை ஒரு கையில் ஏந்தி, மிச்சத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வாசல் வரை போனார். தோடம்பழம் இரண்டு மட்டும் உருண்டு கூலர் பெட்டிக்கு அடியில் போய்விட்டன. அவற்றை எடுக்கக் குனிய அவரால் முடியவில்லை. நான்தான் எடுத்து, வேறு வழி தெரியாமல், அவருடைய சட்டைப்பைக்குள் ஒன்றைத் திணித்தேன்.

சிரித்தேனே தவிர, அன்று என் கையிலும் பை இல்லை.

கொட்டாஞ்சேனைப் பக்கம் நான் வழக்கமாக மரக்கறி வாங்கும் வியாபாரிக்கு இந்தச் சட்டம் வேறு ஏதோ நாட்டுச் சங்கதி. ஹட்டன் பக்கத்து ஆள். பெருவிரலை நாக்கில் தொட்டு, ஆணியில் தொங்கும் கட்டிலிருந்து ஒரு சிலிசிலிப் பையை உருவி, ஒரு ஊதலில் திறந்துவிடுவார். “பேக்குக்குக் காசு கேட்டா ஆளு அடுத்த கடைக்குப் போயிரும் சேர்” என்றார். கறிவேப்பிலைக்கு ஒன்று, பச்சை மிளகாய்க்கு ஒன்று, எல்லாவற்றையும் போட இன்னொன்று. வேண்டாம் என்றால் மனம் நோகிறார்.

சட்டத்துக்கு இங்கே குறைவில்லை. 20 மைக்ரோனைவிட மெல்லிய பொலித்தீனுக்கு 2007இலேயே தடை வந்தது. பத்து வருடம் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மலையில் நாங்கள் வெள்ளவத்தையிலிருந்து அனுப்பியதும் இருந்திருக்கும், கொட்டாஞ்சேனையிலிருந்து போனதும் இருந்திருக்கும். அதே வருடம் செப்டெம்பரில் லஞ்ச் சீற், ரெஜிபோம் பெட்டி, ஒருவகைப் பைகள் எல்லாவற்றுக்கும் தடை வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் சோற்றுப் பார்சல் ஒன்று கட்டச் சொல்லிப் பாருங்கள், அந்தத் தடையின் கதி தெரியும்.

நான் நல்ல பிள்ளையாகத் துணிப்பைக்கு மாறினேன். மாறியது வினையாயிற்று. ஒருநாள் அலுமாரியின் அடித்தட்டைத் துப்புரவாக்கியபோது துணிப்பைகளை எண்ணிப் பார்த்தேன். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள், புடைவைக் கடைப் பைகள், கருத்தரங்குகளில் கொடுத்தவை, ‘பூமியைக் காப்போம்’ என்று பச்சையில் அச்சடித்தவை. இருபத்து மூன்று. பருத்தி விளைய நீர், உரம், நெய்ய மின்சாரம் எல்லாம் வேண்டும். பிரிட்டனின் சுற்றாடல் முகவரகம் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதலை மட்டும் பார்த்தால்கூட ஒரு பருத்திப் பையை 131 தடவை பாவித்தால்தான் ஒரேயொரு தடவை பாவித்து எறிகிற மெல்லிய பிளாஸ்ரிக் பைக்குச் சமம். கிழமைக்கு இரண்டு தடவை கடைக்குப் போகிறேன். இருபத்து மூன்று பைகளுக்கும் கடன் தீர்க்க எனக்கு இருபத்தொன்பது வருடம் வேண்டும். இப்போது வயது 58. 2018இல் டென்மார்க்கில் செய்த கணக்கோ இன்னும் பயங்கரம். எல்லா வகைப் பாதிப்பையும் சேர்த்தால் ஒரு பருத்திப் பைக்கு 7,100 தடவை. அதற்கு எனக்குப் பேரப்பிள்ளைகளின் ஒத்தாசையும் தேவைப்படும்.

ஆனால் இந்தக் கணக்குகள் பை உற்பத்தியாகும் வழியைத்தான் அதிகம் பார்க்கின்றன. கையை விட்டுப் பறந்த பிறகு அது எங்கே போய்ச் சிக்குகிறது என்பது அவற்றுக்குள் வராது. பங்களாதேஷ் 2002இல் மெல்லிய பைகளைத் தடை செய்தது, வெள்ளத்தின்போது டாக்காவின் வடிகான்களை அவை அடைத்துக்கொண்டதால். அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் மேயும் யானைகளின் வயிற்றுக்குள் இருப்பதும் இந்தப் பைகள்தான். ஒரு நல்ல மழை பெய்து வெள்ளவத்தைக் கால்வாய் பொங்கும்போது பாலத்தில் நின்று பார்த்தால் 131 என்ற எண் ஞாபகத்துக்கு வராது.

இத்தனைக்கும், இந்தக் கைபிடிப் பையைக் கண்டுபிடித்த சுவீடன்காரர் ஸ்டென் குஸ்தாஃப் துலின் அதை எறிவதற்காகச் செய்யவில்லையாம். கடதாசிப் பைக்காக மரம் வெட்டுகிறார்களே என்ற கவலையும் அவருக்கு இருந்தது என்கிறார் மகன். துலின் எப்போதும் ஒரு பையை மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்திருப்பாராம். அதை வாசித்த அன்று பால்மா டின்னைத் திறந்து பார்த்தேன். முக்கோணங்கள் வரிசையாக இருந்தன.

அம்மாவுக்கு துலினையும் தெரியாது, மைக்ரோனும் தெரியாது. தொண்ணூறுகளில் நாங்கள் இருந்த யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை. சவர்க்காரம் கிடைக்காமல் பனங்களியில் உடுப்புத் தோய்த்த காலம். மீனுக்கு உமல் இருந்தது, சந்தைக்குப் பன்பை இருந்தது. ஷொப்பிங் பேக் ஒன்று கையில் கிடைத்தால் அது சொத்து. 1995 ஒக்டோபர் கடைசியில் ஊரே எழும்பி இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் மழைக்குள் நடந்தபோது, காணி உறுதியும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும் ஒரு நீலப் பைக்குள் சுற்றி அம்மாவின் இடுப்பில் இருந்தன. ஒரு எழுத்துக்கூடக் கரையவில்லை. அந்தப் பை இன்னும் அலுமாரியில் அதே கடதாசிகளோடு இருக்கிறது. கைபிடி ஒன்று அறுந்து, ஊசியால் தைத்திருக்கிறார்.

போன மாதம் காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. கிளிப் விட்டு, கொடியிலிருந்த ஒரு பை எழும்பி, மறைன் டிரைவைத் தாண்டி ரெயில் பாதைப் பக்கம் போவதை இருவரும் பார்த்தோம்.

“போய் எடுத்துக்கொண்டு வா.”

“விடுங்கோ அம்மா. ஒரு பைதானே.”

“உன்னைத்தான் சொல்லுறன்.”

இறங்கிப் போனேன். களுத்துறை ரெயில் போகும் வரை நின்று, தண்டவாளத்தைக் கடந்து, கருங்கற்களுக்குள் தேடினேன். எங்கள் பையைக் காணவில்லை. மற்றப்படி அங்கே பைக்குக் குறைவேயில்லை: கல்லிடுக்கில், தாழையில், அலை வந்து போகிற இடத்தில். வெறுங்கையோடு போக மனமில்லாமல், கிழியாத ஒன்றை மணல் தட்டி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

“இது எங்கட இல்லை” என்றார். பிறகு தேசிக்காய்த் தோல் எடுக்கக் குசினிக்குள் போனார்.