15 புள்ளி, 8 வரை

மார்கழி விடியலில் பூம்புகார்த் தெருக்களில் சாணத் தண்ணீரின் ஈரம் காய்வதற்குள் புள்ளிகள் விழுந்துவிடுகின்றன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு ஒரே சீராக இறங்குகிறது. ‘15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை’ என்றால் போதும். நடுவரிசையில் பதினைந்து, இரு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து எட்டில் நிற்கும். மொத்தம் 169 புள்ளி. யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

இதற்குள் இருக்கும் கணக்கை 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கணினியியலுக்குக் கொண்டுபோனார்கள். சிரோமணி தம்பதியர் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர்களாக இருந்தவர்கள். சின்னஞ்சிறு தொடக்க வடிவம், அதை வளர்க்கும் சில விதிகள்: இவ்வளவைக் கொண்டு ஒரு கோலக் குடும்பத்தையே எந்த அளவுக்கும் பெருக்கலாம் என்று காட்டினார்கள். தமிழ் வாசலிலிருந்து கணினி அறிவியல் பெற்றுக்கொண்ட இந்தப் பாடம் நம் பள்ளிப் புத்தகங்களில் இடம்பெற வேண்டியது.

விதியைக் கற்ற இயந்திரம் பிசகாது. இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோ ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகியவை. சிக்குக் கோலம் கேட்டால் பார்வைக்கு அழகாகத்தான் தருகின்றன. ஆனால் இழையை விரலால் தொடர்ந்து போனால், பல நேரம் அது எங்கோ அறுந்து நிற்கிறது, இல்லாவிட்டால் ஒரு புள்ளி வளையத்துக்கு வெளியே தனியாகக் கிடக்கிறது.

கோலம் போடும் பெண்ணுக்கும் கை பிசகும். எல்லோரும் உடனே அழித்துவிடுவதில்லை. தவறிய வளைவை அடுத்த புள்ளியைச் சுற்றி இழுத்து, எதிர்ப்பக்கத்திலும் அதே வளைவை வைத்து இழையை மூடிவிடுகிறவர்கள் உண்டு. நோட்டில் இல்லாத கோலம் அப்படியும் பிறக்கிறது. படைப்பாற்றலைப் பற்றிப் பேச வேறெங்கும் போக வேண்டாம்.

அறிவு என்பது போடத் தெரிவது மட்டுமல்ல. இழவு விழுந்த வீட்டு வாசலில் கோலம் கிடையாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பூம்புகார்க் கரையை அடித்ததும் மார்கழியில்தான். புள்ளிக் கணக்கு யாருக்கும் மறந்துபோகவில்லை. போட மனம்தான் இல்லை.

அந்த வழக்கத்தையும் ஒரு விதியாக இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் எந்த வீட்டில் ஆண்டு கழியும் வரை வாசல் வெறுமையாக இருக்கும், எந்த வீட்டில் குழந்தைகளுக்காகப் பொங்கலன்றே சின்னதாக ஒன்று போடலாம் என்பதை அந்தந்த வீட்டுப் பெண்கள் பக்கத்து வீட்டாரோடு பேசித்தான் முடிவு செய்கிறார்கள்.