பசியாறிய பிறகு

மாத்திரையை எப்போது போட வேண்டும் என்பதைத் தமிழில் எழுதுவது ஒரு ராத்திரி வேலை என்றுதான் என் சித்தி மகள் நினைத்திருந்தாள். மூன்றாம் ஆண்டு மருந்தியல் மாணவி. நான்கு பேர் கொண்ட குழு. ஏதாவது ஒரு மருந்தைத் தேர்ந்தெடுத்து, நோயாளி வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கிற மாதிரி ஒரு பக்கத் துண்டறிக்கை தயாரிக்க வேண்டும். மலாய், ஆங்கிலம், கூடவே இன்னொரு மொழி. அவர்கள் எடுத்துக்கொண்டது மெட்ஃபார்மின். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே இன்னும் அதிகம். அதனால் மூன்றாவது மொழி தமிழ் என்று முடிவாகியிருக்கிறது. குழுவில் தமிழ் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். “அக்கா, ஸ்பெல்லிங் மட்டும் பாத்துக் குடுங்க” என்று வாட்ஸாப்பில் வந்தது.

எழுத்துப்பிழை அதிகமில்லை. ‘நீரிழிவு நோயாளிகள் இம்மாத்திரையை உணவுடன் அல்லது உணவுக்குப் பின் உட்கொள்ளவும்’ என்று தொடங்கி, பதினான்கு பக்க விளைவுகள், அதற்குக் கீழே எச்சரிக்கைகள். மருந்தியல்படியும் சரி, இலக்கணப்படியும் சரி. யாரை உட்கார வைத்துப் பேசுகிறது என்பதுதான் தெரியவில்லை.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். என் வேலையில் பாதி, லைனில் நிற்பவர்களுக்கு ஒர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன் எழுதுவது. இந்த திருகை எந்த வரிசையில் முடுக்க வேண்டும், எந்த விளக்கு எரிந்தால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்பது போல. படிப்பவர் நேப்பாளத்திலிருந்தோ மியன்மாரிலிருந்தோ போன மாதம் வந்தவராக இருக்கலாம். எழுதியவுடன் அது வெளியாகிவிடாது. அந்த வேலையை இதுவரை செய்யாத ஒருவரிடம் தாளைக் கொடுத்துச் செய்யச் சொல்வோம். பக்கத்தில் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. அவர் தவறான பட்டனை அழுத்தினால் தாள்தான் ஃபெயில்.

எச்சரிக்கைப் படங்களுக்கு அமெரிக்காவில் ஏஎன்எஸ்ஐ இசட் 535.3 என்று ஒரு தரம் இருக்கிறது. சோதனையில் 85 விழுக்காட்டினர் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்தது இரண்டாவது நிபந்தனை: நேர் எதிராகப் புரிந்துகொள்பவர்கள் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. புரியாமல் போவது வேறு, தலைகீழாகப் புரிவது வேறு. புரியாதவர் யாரையாவது கேட்பார். தலைகீழாகப் புரிந்தவர் கேட்க மாட்டார். நேராகப் போய்ச் செய்துவிடுவார்.

மருந்துக்கும் இப்படி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளை அதைப் படிக்கப்போகிறவர்களிடமே சோதிக்க வேண்டும். வழக்கமாகப் பத்துப் பத்துப் பேராக இரண்டு சுற்று. கேட்ட தகவலை 90 விழுக்காட்டினர் தாளில் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவர்களில் 90 விழுக்காட்டினர் அதைப் புரிந்து சொல்ல வேண்டும். இதைச் சொன்னபோது சித்தி மகள், “எங்களுக்கு டெட்லைன் அடுத்த வாரம்கா” என்றாள். ஆனால் விரிவுரையாளரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவருக்கு யோசனை பிடித்துவிட்டது. இரண்டு வாரம் கூடுதலாகக் கொடுத்து, தானும் வருவதாகச் சொன்னார்.

முதல் ஞாயிறு, என் பெரியம்மா வீட்டுத் தாமான் மண்டபத்தில் எட்டுப் பேர். எல்லாரும் இனிப்பு நீர் உள்ளவர்கள். ஆம், இனிப்பு நீர். தாளில் ‘நீரிழிவு’ என்று இருந்ததை மூன்று பேர் வேறு வியாதி என்று நினைத்தார்கள். ஒருவர் அது மூத்திரம் நிற்காமல் போகிற நோய் என்றார். குழுவிலிருந்த மலாய் மாணவி, ‘இனிப்பு நீர்’ என்றால் என்ன பொருள் என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். மலாயில் ‘கென்சிங் மானிஸ்’ என்பதும் அதேதான்.

மாணவர்களுக்கு ஒரே விதி: விளக்கம் சொல்லக் கூடாது, “புரிஞ்சுதா?” என்றும் கேட்கக் கூடாது. நம் ஆட்களிடம் “புரிஞ்சுதா?” என்றால் “புரிஞ்சுதுமா” என்றுதான் பதில் வரும். டிரெசருக்கும் மிஸ்ஸிக்கும் அப்படிப் பதில் சொல்லியே பழகியவர்கள். விரிவுரையாளர் கற்றுக்கொடுத்த கேள்வி இது: “நாங்க சரியா எழுதியிருக்கோமான்னு பாக்கணும். இத படிச்சிட்டு நாளைக்கு வீட்ல என்ன செய்வீங்கன்னு சொல்லுங்க.” சோதனை தாளுக்கு என்று தெரிந்ததும் அவர்கள் தோள் இறங்கியதைப் பார்க்க முடிந்தது.

‘உணவுக்குப் பின்’ அன்றைக்குப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஒரு ஆன்டி காலை மாத்திரையைப் போடுவதே இல்லை. ஏன் என்றால், காலையில் அவர் சாப்பிடுவதில்லை, பசியாறுவார். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் அவர் கணக்கில் உணவு கிடையாது. சாப்பாடு என்றால் சோறு, அது பகலுக்கு. இன்னொருவர் காலை ஐந்தரைக்கு இரண்டு பிஸ்கட்டோடு வேலைக்குக் கிளம்பி, பத்து மணிக்குத்தான் பசியாறுகிறார். இதில் எது ‘உணவு’? ‘பக்க விளைவு’ என்ற சொல்லைப் பார்த்து ஓர் அங்கிள், “எந்தப் பக்கம்? இடுப்புப் பக்கமா?” என்று உண்மையாகவே கேட்டார். அவரே கொஞ்சம் கூச்சத்தோடு இன்னொன்றும் கேட்டார். மாத்திரை முழுசாக மலத்தில் வெளியே வருகிறதே, அப்படியானால் அது வேலை செய்யவில்லைதானே? மருந்தை மெதுவாக வெளிவிடுகிற வகை மாத்திரையில் இது நடக்கும். மருந்து உடம்பில் இறங்கியிருக்கும், வெறும் கூடுதான் வெளியே வருகிறது. பதினான்கு பக்க விளைவுகள் எழுதிய தாளில் இது மட்டும் இல்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும் வந்திருந்தார். முழுத் தாளையும் தடங்கலில்லாமல் வாசித்து, இரண்டு இடத்தில் ஒற்று மிகும் என்று சிவப்புப் பேனாவால் திருத்தினார். ‘இனிப்பு நீர்’ என்று எழுதலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு, “மொழியக் கொச்சப்படுத்தாதீங்கமா” என்றார். இந்த இதழைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அவர் பக்கம்தான் நிற்பீர்கள் என்று தெரியும். கட்டுரையில் நானும் ‘நீரிழிவு’தான் எழுதுவேன். சித்தி மகள் அவரிடம் பணிவாகக் கேட்டாள்: “ஐயா, நாளைக்கு நீங்க பசியாற மறந்துட்டீங்க. மாத்திரைய என்ன செய்வீங்க?” அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவ்வளவு நல்ல தமிழில் அதற்குப் பதில் இல்லை. சிரித்துக்கொண்டே பேனாவை மூடிவிட்டார்.

இவ்வளவும் எதிர்பார்க்கக் கூடியதுதான். அடுத்து நடந்தது எங்களில் யாரும் எதிர்பாராதது.

அறுபது வயதுக்கு மேலான ஓர் அம்மா தாளை வாங்கி, நடுவில் ஒரு வரியில் விரலை வைத்தார். ‘சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரை அணுகவும்.’ படித்துவிட்டு நிம்மதியாகத் தலையாட்டினார். “நான் சொன்னேன்ல. இந்த மாத்திர கிட்னிய கெடுத்துடும். அதான் நான் ரெண்டு மாசமா நிறுத்திட்டேன். இவங்களே எழுதியிருக்காங்க பாருங்க.” பக்கத்தில் இருந்தவர்கள் தாளை எட்டிப் பார்த்தார்கள்.

எழுதிய வரியில் பொய்யில்லை. மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், சில நேரம் நிறுத்தவும் வேண்டும். ஆனால் சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரைதான். ஊரெல்லாம் சுற்றுகிற வதந்திக்குப் பல்கலைக்கழகச் சின்னம் போட்ட ஒரு தாள் சாட்சி சொன்னது போல ஆகிவிட்டது. எட்டுப் பேரில் ஒருவர் என்றாலே 12.5 விழுக்காடு. தொழிற்சாலையாக இருந்தால் லைனை நிறுத்தியிருப்போம்.

வாய் திறக்கக் கூடாது என்ற விதியை விரிவுரையாளரே அங்கே உடைத்தார். அவர் பதிவுபெற்ற மருந்தாளர். அந்த அம்மாவோடு தனியாக உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார். மறுநாளே மாத்திரைப் பையோடு அரசாங்க கிளினிக்குக்குப் போய், நிறுத்தியதைச் சொல்லி, ரத்தப் பரிசோதனையில் கிட்னிக் கணக்கு என்ன என்று கேட்கச் சொன்னார். மாணவர்கள் நால்வரும் அன்று மதியம் அதிகம் பேசவில்லை. மலாய் மாணவி மட்டும், தன் பாட்டியும் இதையேதான் சொல்கிறார், மலாய்த் தாளிலும் இதே வரி இருக்கிறது என்றாள்.

இரண்டாவது வடிவத்தில் அந்த வரி நான்கு வரியானது. ‘இந்த மாத்திரை கிட்னியைக் கெடுக்காது. இனிப்பு நீரைக் கட்டுப்படுத்தாவிட்டால்தான் கிட்னி கெடும். கிட்னி ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் டாக்டர் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். நீங்களாக நிறுத்த வேண்டாம்.’ இடம் போதவில்லை. பதினான்கு விளைவுகளில் அடிக்கடி வருகிற வயிற்றுத் தொல்லைகளை மட்டும் வைத்துக்கொண்டு, முதல் சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும் என்று சேர்த்தார்கள். வாந்தியும் பேதியும் விடாமல் இருந்தால் டாக்டரைக் கேளுங்கள் என்பதும் தங்கியது. மீதியை எடுக்க மாணவர்களுக்கு மனசே வரவில்லை. ‘முழுமை’க்கென்று மதிப்பெண் இருக்கிறது. சித்தி மகள் ஒவ்வொரு வரியாக வெட்டியபோது, ஏதோ என்னுடைய பணத்தை எடுக்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தாள். விரிவுரையாளர் கடைசியில் மதிப்பெண் பட்டியலையே மாற்றினார்.

எளிமை என்று எல்லை தாண்டியதும் உண்டு. குழுவில் நன்றாகப் படம் வரைகிற சீன மாணவன், சிரிக்கிற கிட்னிக்குக் கையும் காலும் வைத்திருந்தான். இரண்டாவது ஞாயிறு ஓர் ஆன்டி அதைப் பார்த்து, “நான் என்ன தடிக்கா பிள்ளையா?” என்றார். கிட்னி போய்விட்டது. காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் மட்டும் நின்றன. ‘பசியாறிய பிறகு’, ‘ராத்திரி சாப்பிட்ட பிறகு’ என்று பக்கத்தில் எழுதினார்கள். கீழே, ‘ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை சாப்பிடும்போது வழக்கமான அளவு மட்டும் போடுங்கள். இரண்டாகப் போட வேண்டாம்.’ ‘இனிப்பு நீர்’ தலைப்பில் பெரிதாக வந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘நீரிழிவு’. தமிழாசிரியருக்கு இதில் பாதி சம்மதம்.

நான் செய்த ஒரே காரியம், வலது பக்க மூலையில் தேதியும் ‘திருத்தம் 3’ என்பதும் போடச் சொன்னது. தொழிற்சாலைப் பழக்கம். மூன்றாவது வாரம், கிட்னி வரியில் விரல் வைத்த அதே அம்மா புதுத் தாளைக் கையில் வாங்கினார். கிளினிக்கில் ரத்தம் எடுத்துவிட்டார்கள், முடிவுக்காகக் காத்திருக்கிறார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த மூலையைத்தான் முதலில் படித்தார்.

“திருத்தம் மூணுன்னா, மொத ரெண்டுல என்ன தப்பு?”

சித்தி மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பைலிலிருந்து பழைய இரண்டு தாள்களையும் எடுத்து அவர் மடியில் வைத்தாள்.