மண்மேட்டுக்குள் ஒரு குளிர்காலம்

அன்புள்ள மாம்பலத்து நண்பர்களுக்கு,

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோவில், கிழங்கு தோண்டும் காலம் முடிந்துவிட்டது. பக்கத்துப் பண்ணைப் பெரியவர் பழைய முறையில்தான் சேமிக்கிறார். ஈரம் உலர்ந்த உருளைக்கிழங்கை, தண்ணீர் தேங்காத மேட்டில் ஓட்டுக் கூரை மாதிரி நீளமாகக் குவிக்கிறார். வெட்டுப்பட்டதையும் அழுகலையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தள்ளுகிறார். ஒன்று அழுகினால் போதும், குவியலே போய்விடும். மேலே கோரையும் வைக்கோலும் கனமாகப் பரப்பி, அதன்மேல் மண்ணை வாரிப் போட்டு, மழை வழிந்தோட மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி இறுக்குகிறார். சுற்றிலும் வாய்க்கால். முகட்டில் மட்டும் வைக்கோலை வெளியே நீட்டிவிடுகிறார். தோண்டிய பிறகும் கிழங்குக்கு உயிர் உண்டு. அது விடும் மூச்சின் சூடும் ஈரமும் அந்த வழியாக வெளியேற வேண்டும். வசந்தம் வரை அப்படியே இருக்கும்.

நம் ஸ்டேஷன் ரோடு கடைகளுக்கு வரும் ஆக்ரா உருளை சில சமயம் கறியில் தித்திக்கிறதே, ஏன்? 2 முதல் 4 டிகிரிக் குளிரில் மாதக்கணக்கில் கிடக்கும்போது அதன் மாவு சர்க்கரையாகிவிடுகிறது. வறுத்தால் சீக்கிரம் கறுப்பதும் அதனால்தான். தயவுசெய்து ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். காற்றோட்டமுள்ள இருட்டு மூலை போதும். வெயில் பட்டுப் பச்சையானது நஞ்சு.

இங்கே உருளையைப் பயிரிடுவதும் அழகான முறை. புல்தரையில் எருவும் கடற்பாசியும் பரப்பி, விதைக்கிழங்கை வைத்து, இருபக்கத்துப் புல்மண்ணைப் புரட்டி மூடுவார்கள். மண் எடுத்த பள்ளமே வடிகால். சதுப்பிலும் மலைச்சரிவிலும் ஏழைக் குத்தகைதாரர்கள் வயிறு வளர்த்தது இந்தப் பாத்திகளில்தான். கைவிடப்பட்ட பாத்திகளின் வரிகள் மலைகளில் இன்றும் தெரிகின்றன.

1845இல் கருகல் நோய் வந்தது. ஏழைகள் பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே ரகத்தை நம்பியிருந்தார்கள். நல்லதென்று மூடிவைத்த கிழங்கும் மண்ணுக்குள் கூழாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அப்போதும் இங்கிருந்து தானியம் கப்பலேறியது. தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் கண்ட அதே அநியாயம்.

நீலகிரி உருளைக்கும் அந்த நோய்தான் எமன். ஊட்டியை அடுத்த முத்தோரை ஆராய்ச்சி நிலையம் அதைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா போன்ற ரகங்களை உருவாக்கியிருக்கிறது. ஊட்டி உருளை என்று கேட்பதோடு நிற்காமல், என்ன ரகம் என்றும் கடைக்காரரைக் கேளுங்கள். கேட்பார் இருந்தால்தான் மலையில் பல ரகம் விளையும்.

அன்புடன்,
உங்கள் பழைய தெருக்காரன்