புகை சென்ற வழி

கயத்தாறு என்றதும் பலருக்கும் கட்டபொம்மன் நினைவே எழும். 1799ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள் அவ்வீரன் தூக்கிலிடப்பட்ட ஊர் அது. இன்று நெடுஞ்சாலை வழியே அவ்வூரைக் கடப்போர், கரிசல் வெளியெங்கும் காற்றாலைகள் நின்று சுழலக் காண்பர். செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும் மேல்காற்றுத்தான் அவற்றைச் சுழற்றுகின்றது. அக்காற்றின் வன்மை கருதியே, காற்றாலைகளைச் சோதிக்கும் மத்திய அரசின் நிலையம் ஒன்றும் அங்கே அமைந்துள்ளது. நான் பிறந்து வளர்ந்தது கயத்தாற்றை அடுத்த ஒரு சிற்றூரில்.

ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் வெள்ளை வேட்டியை வெளியில் உலர்த்த முடியாது. மாலைக்குள் அது பழுப்பேறிவிடும். பானை நீரின்மேல் மெல்லிய மண்படலம் மிதக்கும். சோற்றை மென்றால் மணல் நறநறக்கும். "கரிசற்காட்டுப் பிள்ளை காற்படி மண்ணாவது தின்றுதான் வளரும்" என்று என் தாயார் நகைத்துக்கொண்டே சோறிடுவார்.

காற்றில் மண் இருப்பதை நான் கண்ணாற் கண்டது எங்கள் அடுக்களையில்தான். ஓட்டின் பிளவு வழியாகக் காலை வெயில் ஒரு தூண்போல் இறங்கும். அத்தூணுக்குள் எண்ணற்ற துகள்கள் மேலும் கீழும் ஆடும். அவற்றை எண்ண முயன்று, இருபதைத் தாண்டுமுன் தோற்றுப்போவேன். அடுப்பில் பருத்திமார் எரியத் தொடங்கியதும் அந்த வெயில் தூண் நீலநிறம் கொள்ளும். தாயாருக்கு இருமல் எழும். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசலுக்கு வந்து நின்று இருமுவார். நாள்தோறும் இருவேளையும் நிகழ்ந்த இதனை நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. மழை பெய்தால் ஈரம் இருப்பதுபோல, அடுப்பெரிந்தால் இருமல் இருக்கும் என்றே எண்ணியிருந்தோம்.

நான் எண்ண முயன்று தோற்றதை எண்ணிக் காட்டிய ஒருவரைப் பற்றிக் கல்லூரியில் படித்தேன். அவர் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஜான் எய்ட்கன். 1880களில் அவர் ஒரு கருவியை அமைத்தார். சிறு கலத்தில் அடைத்த ஈரக்காற்றைத் திடீரென விரியச் செய்தால் அது குளிரும். குளிர்ந்ததும் அதிலுள்ள நீராவி, கண்ணுக்குப் புலனாகாத ஒவ்வொரு துகளின் மேலும் படிந்து துளியாகும். அத்துளிகள் கோடிட்ட கண்ணாடித் தட்டில் விழ, அவற்றை உருப்பெருக்கியால் எண்ணினார். துகளை எண்ணுவதற்கு அதன்மேல் நீரைப் போர்த்திவிட்டார். எத்துணை எளிய சூழ்ச்சி! மேகத்துளிகளும் இவ்வாறே துகள்களைப் பற்றிக்கொண்டு பிறக்கின்றன. தூசியே இல்லாத வானில் எங்கள் ஊருக்கு வரும் ஐப்பசி மழையும் எளிதிற் பிறவாது.

சில ஆண்டுகளுக்கு முன், இத்துகள்களை அளக்கும் நிலையம் ஒன்றைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பெரிய எந்திரங்களை எதிர்பார்த்துச் சென்றவனுக்குச் சிறிது ஏமாற்றமே. மாடியில் ஒரு கருவி கதிரவனையே நோக்கியிருந்தது. வெயில் நம்மை வந்தடையுமுன் எவ்வளவு குறைந்திருக்கின்றது என்பதைப் பல நிறங்களில் அளப்பது அதன் பணி. அறைக்குள் இருந்த இன்னொரு கருவி, வெளிக்காற்றைக் குழாயால் உறிஞ்சி வெண்ணிறத் தாள் நாடாவின் வழியே செலுத்திக்கொண்டிருந்தது. காற்று பாய்ந்த இடத்தில் காற்காசு அளவில் ஒரு கரிய பொட்டு. தாளினூடே ஒளியைப் பாய்ச்சி, பொட்டு எவ்வளவு கறுத்தது எனக் கணித்து, காற்றிலுள்ள புகைக்கரியின் அளவைக் கூறுகின்றனர்.

அந்தப் பொட்டைக் கண்டதும் எனக்குத் தாயாரின் நினைவு வந்தது. விளக்கெண்ணெய் விளக்கின் சுடர்மேல் வெண்கலத் தட்டைக் கவிழ்த்து, அதில் படியும் கரியைச் சுரண்டி அவர் கண்மை கூட்டுவார். செய்தொழில் ஒன்றே, ஒன்று அழகுக்கு, மற்றொன்று அளவைக்கு.

தரையில் அளப்பது மட்டும் போதாதோ என்று நான் வினவினேன். அங்கிருந்தோர் பொறுமையோடு விளக்கினர். தரையிலுள்ள தாள் நாடா நம் மூக்கின் உயரத்துக் காற்றை மட்டும் அறியும். கதிரவனை நோக்கும் கருவியோ தரையிலிருந்து வானம் வரை உள்ள துகள்களனைத்தையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்லும். எந்த உயரத்தில் எவ்வளவு என்று சொல்லாது. கரிப்படலம் மேகத்திற்குக் கீழே இருப்பதற்கும் மேலே இருப்பதற்கும் விளைவில் பெரிய வேறுபாடு உண்டு. கரி வெயிலை உண்டு தன்னைச் சூழ்ந்த காற்றைச் சூடாக்கும். ஆதலின் அங்கேயே சென்று காண வானூர்தி வேண்டும்.

வானூர்தியில் அளப்பதும் எளிதன்று. ஊர்தி நொடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் விரைவில் செல்லும்போது, அதன் வெளிப்புறம் நீட்டிய குழாயின் வாயில் காற்று எப்படிப் புகுகின்றது? நுண்ணிய துகள்கள் காற்றோடு வளைந்து வரும். பருத்த துகள்களோ, வேகமாகச் செல்லும் வண்டியில் திருப்பத்தில் சாய்பவர்போல, வளைவில் திரும்ப மாட்டாமல் குழாய்ச் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். குழாய்க்குள் செல்லும் காற்றின் வேகமும் வெளிக்காற்றின் வேகமும் ஒத்திருக்குமாறு அமைக்காவிடில் கணக்குப் பிழைபடும். ஊர்தியின் சொந்தப் புகை குழாயினுட் புகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தகைய முயற்சிகளுள் பெரிய ஒன்று 1999ஆம் ஆண்டு சனவரி முதல் மார்ச்சு வரை இந்தியப் பெருங்கடலில் நிகழ்ந்தது. அதனை முன்னின்று நடத்தியோருள் ஒருவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற தமிழரான வீரபத்திரன் இராமநாதன். குளிர்காலத்தில் காற்று நம் நாட்டிலிருந்து கடலை நோக்கி வீசும். கப்பல்களும் வானூர்திகளும் மாலத்தீவில் அமைத்த தரைநிலையமும் ஒருங்கே அளந்தபோது, தெளிந்த கடல்வானம் என்று எண்ணிய இடத்தில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் உயரம் வரை பழுப்பு மூட்டம் படர்ந்திருக்கக் கண்டனர். 2006ஆம் ஆண்டு மார்ச்சில் அவரே, மாலத்தீவின் ஹனிமாது தீவிலிருந்து ஆளில்லாச் சிறு வானூர்திகள் மூன்றை ஒரே நேரத்தில் ஏவினார். ஒன்று மேகத்திற்கு மேலும், ஒன்று மேகத்தினூடும், ஒன்று கீழும் பறந்து அளந்து வந்தன. அதே ஆண்டு மார்ச்சு முதல் மே வரை நம் விண்வெளித் துறையினரும் வானூர்தி, கப்பல், தரைநிலையங்கள் ஆகிய மூன்றையும் கொண்டு இந்தியாவையும் அதன் இருபுறக் கடல்களையும் அளந்தனர்.

அந்த மூட்டத்தில் உள்ள கரி யாருடையது? ஆலையுடையதா, வண்டியுடையதா, அடுப்புடையதா? இதற்கு விடை காணும் வழி ஒன்று உண்டு. செடிகொடிகளில் கதிரியக்கக் கரியணு சிறிது இருக்கும். பல கோடி ஆண்டுகள் மண்ணுள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது முற்றும் அழிந்திருக்கும். ஹனிமாதுவிலும் புனேக்கு அருகிலுள்ள சிங்ககட்டிலும் தாளில் பிடித்த கரியை இம்முறையில் ஆராய்ந்து 2009ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை விறகு, சருகு, பயிர்க்கட்டை முதலியன எரிந்ததால் வந்தது!

இதனைப் படித்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை. கடல் கடந்து ஒரு தீவின் தாளில் படிந்த கரியில், எங்கள் வீட்டுப் பருத்திமாரின் கரியும் ஓரணு இருந்திருக்கலாம். அதற்கு முன்பே அது என் தாயாரின் நெஞ்சிற் படிந்திருக்கும் என்பதை நான் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது அவரிடம் இதைச் சொன்னேன். எண்பதைக் கடந்த அவர் இப்பொழுது எரிவாயு அடுப்பில் சமைக்கின்றார். இருமல் மட்டும் விட்டபாடில்லை. சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அடுப்புப் புகை அம்புட்டுத் தூரமா போச்சு? அதனால மழைக்குக் கேடு உண்டாய்யா?" என்று கேட்டார். தம் நெஞ்சைப் பற்றி அவர் கேட்கவில்லை. மானாவாரி நிலத்தில் வாழ்ந்தவர் வேறு எதைக் கேட்பார்?

நான் பந்தியை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஐம்பது பேர் வந்தால் வயிறு நிறையும். ஐந்நூறு பேர் வந்தால் ஆளுக்கு ஒரு பிடிதான். மேகத்தில் துகள்கள் மிகுந்தால் உள்ள நீரை அவை பங்கிட்டுக்கொள்ளும்; துளிகள் சிறுத்துப்போகும். ஏறத்தாழ பத்து இலட்சம் மேகத்துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. சிறுத்த துளிகள் எளிதிற் சேரா. மேகம் பெய்யாமலே கடந்துவிடலாம். ஆனால் வானளாவ வளரும் இடிமேகத்தில் இதன் விளைவு வேறாகவும் அமையக்கூடும். எங்களைப் போலவே மழை குன்றிய கரிசல் நிலமான சோலாப்பூரில், 2017 முதல் 2019 வரை புனே வானிலை ஆய்வு நிறுவனத்தார் இதன்பொருட்டே மேகங்களுக்குள் வானூர்தி செலுத்தி அளந்ததையும் கூறினேன்.

"அப்போ இன்னும் அளந்துக்கிட்டுத்தான் இருக்காகளா?" என்றார்.

"ஆமாம், அம்மா."

அவர் எழுந்து பழைய அடுக்களைக்குள் சென்றார். விறகடுப்பு இடிக்கப்பட்டுவிட்டது; ஆனால் அது இருந்த சுவர் மட்டும் கூரை வரை கறுத்திருந்தது. சுண்ணாம்பு எத்தனை முறை பூசியும் அக்கருமை மறையவில்லை என்றார். சுவரை ஒரு விரலால் தேய்த்து, விரல் நுனியை ஓட்டுப் பிளவின் வெயிலில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.