மூன்றாம் நாளின் புல்

பழனி மலையின் உயரங்களில், ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு மேலே, மலை மடிப்புகளுக்குள் ஒதுங்கி நிற்கும் தொன்மையான காட்டைச் சோலை என்கிறோம். குட்டையான மரங்கள், அடிமரமெங்கும் பாசியும் பெரணியும், தளிர்க்கும் பருவத்தில் கிளைநுனிகள் செந்நிறம் கொள்ளும். சோலைகளுக்கு இடையே மேடெல்லாம் புல்வெளி.

1990களின் தொடக்கத்தில், குருமட மாணவராய் இருந்தபோது, அத்தகைய புல்வெளி ஒன்றில் நாம் தைலமரக் கன்றுகள் நட்டோம். வெற்று நிலத்துக்கு ஆடை உடுத்துகிறோம் என்றே எண்ணினோம். அன்று மாலைச் செபத்தில் அதற்காக இறைவனுக்கு நன்றியும் கூறினோம்.

2018இல் குறிஞ்சி பூத்த வேளையில் பங்கு மக்களோடு மீண்டும் அங்கே சென்றோம். எஞ்சியிருந்த புற்சரிவில் குறிஞ்சி மலர்ந்திருந்தது; நாம் நட்ட மரங்களின் கீழே ஒன்றுகூட இல்லை. அன்று நாம் மொண்டு குடித்த ஓடை மெலிந்து கசிந்துகொண்டிருந்தது. உடன் வந்த முதிய விவசாயி ஒருவர், "மரம் இருக்கு சாமி, தண்ணி எங்கே?" என்றார். நம்மிடம் மறுமொழி இல்லை.

அதன் பின்னரே கற்கத் தொடங்கினோம். இரவு உறைபனி விழும் திறந்த வெளியில் சோலை மரக்கன்றுகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை, புல் பிழைக்கிறது. நீலகிரியின் சதுப்பு மண்ணில் புதைந்த தடயங்கள், அங்குள்ள புல்வெளி 20,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது எனக் காட்டுகின்றன. காடு அழிந்ததால் எஞ்சிய தரிசு அன்று அது, சோலையின் உடன்பிறப்பு. மழைநீரை உள்வாங்கி மெல்ல விடுவிப்பது இரண்டும் சேர்ந்தே செய்யும் பணி. இயேசு சபைக் குரு கே.எம். மத்தேயு 1999இல் வெளியிட்ட பழனி மலைத் தாவர நூலில் மரங்களோடு புல்வகைகளுக்கும் இடமுண்டு.

தொடக்கநூலின் முதல் அதிகாரத்தைப் பல்லாண்டுகள் போதித்தவர் நாம். மூன்றாம் நாளில் மரத்துக்கு முன்பே புற்பூண்டுகள் சொல்லப்படுவதை அதுவரை கவனித்ததில்லை.

2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஆயினும் நட்டவற்றை ஒரே நாளில் வெட்டிவிடுவதும் தீர்வாகாது. பழைய அயல்மரத் தோப்புகள் சிலவற்றின் நிழலில் இப்போது சோலைக் கன்றுகள் முளைத்திருக்கின்றன. அவசரத்தில் செய்த பிழையை அவசரத்தால் திருத்த இயலாது. ஒப்புரவு அருட்சாதனத்தில் பிறருக்கு நாம் சொல்லும் அறிவுரைதான் இது. இம்முறை அந்த மலை நமக்குச் சொல்லிற்று.