எல்லையில் ஒரு கிளாஸ் டீ

மலேசியா தன் காலை உணவை யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றிவிட்டது. அதே பரோட்டாவும் அதே ஆற்றிய டீயும் மீனாட்சிபுரத்தில் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமல் புது வேஷம் கட்டிக்கொண்டிருக்கின்றன.

பொள்ளாச்சியில் மேற்கு நோக்கிக் கிளம்பும் பஸ் சிறிது நேரத்திலேயே தமிழ்நாட்டைத் தாண்டிவிடுகிறது. தாண்டியதைச் சொல்வது பெயர்ப் பலகைகள்தான். தென்னந்தோப்புகள் மாறுவதில்லை. ஆனைமலையின் நீலமும் கூடவே வருகிறது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் இருக்கும் மீனாட்சிபுரம் சட்டப்படி கேரள ஊர். ஆனால் கடைவீதியில் காது கொடுத்தால் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் வந்துபோகின்றன.

எல்லை தெளிவாகத் தெரிவது டீக்கடையில். கிழக்கிலிருந்து வருபவர் 'ஸ்ட்ராங்கா ஒண்ணு' என்கிறார். மேற்கிலிருந்து வருபவருக்கு அதுவே 'கடுப்பம்'. சர்க்கரை வேண்டாதவர் அங்கே 'சீனி இல்லாம' என்பார், இங்கே ஒரே சொல்லில் 'விதௌட்'. டீயோடு வடை என்பது தமிழ்நாட்டுக் கணக்கு. சாயாவோடு 'கடி' என்பது கேரளக் கணக்கு. பழம்பொரி, பரிப்பு வடை, உள்ளி வடை என்று கண்ணாடிப் பெட்டியில் இருப்பதெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடும். மீனாட்சிபுரத்து டீ மாஸ்டருக்கு இரண்டு அகராதியும் அத்துப்படி.

இந்த இருமொழிப் புழக்கத்துக்கு வரலாறு உண்டு. பாலக்காடு 1956 வரை மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாநிலத்தில் இருந்தது. சித்தூர் தாலுகாவோ கொச்சி சமஸ்தானத்துக்குச் சொந்தம். சுற்றிலும் பிரிட்டிஷ் சீமை, நடுவே மகாராஜாவின் மண். 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது இந்தப் பக்கம் முழுவதும் கேரளமானது. தமிழ் பேசிய குடும்பங்கள் இடம் மாறவில்லை, அவர்களைச் சுற்றி மாநிலம் மாறியது. விவசாயக் கூலிகள், மாட்டு வியாபாரிகள், நெசவாளர்கள், லாரிக்காரர்கள் எல்லோரும் போய்வரும் வழியில் டீக்கடை பெருகியதில் வியப்பில்லை.

அந்தக் கிளாஸுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே போதும், இரு மாநில அரசியலும் தெரிந்துவிடும். டீத்தூள் விளையும் வால்பாறை, பொள்ளாச்சிக்கு மேலே மலையில் இருக்கிறது. பாலில் ஒரு பகுதி தமிழ்நாட்டிலிருந்து லாரியில் வருகிறது. அதைச் சோதித்து அனுப்பவே கேரளப் பால்வளத் துறை மீனாட்சிபுரத்தில் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறது. ஓணம் நெருங்கினால் அங்கே வேலை கூடிவிடும். தண்ணீர் ஆழியாற்றின் கொடை. 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைச் சித்தூர்ப் பகுதிக்குத் தமிழ்நாடு தர வேண்டும். வறண்ட ஆண்டுகளில் இந்த எண்ணை இங்குள்ள விவசாயிகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். இதே பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில்தான் 2000இல் கோகோ கோலா ஆலை திறந்தது. கிணறுகள் கெட்டுப்போனதாகப் பழங்குடிப் பெண்கள் திரண்டு போராட, 2004இல் ஆலை மூடப்பட்டது. இந்த வட்டாரத்தில் குடிக்கும் பொருள் எதுவும் சாதாரண விஷயமல்ல.

டீக்கடையின் இன்னொரு தூண் பரோட்டா. கிழக்கே சால்னாவோடு, மேற்கே மாட்டிறைச்சி வறுவலோடு. பொள்ளாச்சி மாட்டுச் சந்தை தென்னிந்தியாவின் பெரிய சந்தைகளில் ஒன்று. அங்கே விலைபோகும் மாடுகளில் பெரும்பகுதி மேற்கு நோக்கித்தான் பயணப்படுகிறது. மாவைப் பிசைந்து, எண்ணெயில் ஊறவைத்து, விசிறி, சுருட்டி, கல்லில் போட்டு, கடைசியில் இரு கைகளாலும் அடித்து உதிர்க்கும் வித்தையில் மட்டும் இரு பக்கமும் வித்தியாசமில்லை.

இந்த வித்தை கடலும் கடந்தது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தமிழ் முஸ்லிம்கள், அவர்களில் கடையநல்லூர், ராமநாதபுரம் வட்டாரத்தினர் கணிசம், துறைமுகக் கூலிகளுக்குச் சோறு விற்றார்கள். தோளில் காவுத்தடி, இரு முனையிலும் சோறும் குழம்பும். தடிக்கு மலாய் மொழியில் 'கண்டார்', சோற்றுக்கு 'நாசி'. 'நாசி கண்டார்' என்ற பெயர் அப்படி வந்தது. பினாங்கின் ஹமீதியா உணவகம் 1907இலிருந்து அதை விற்கிறது. பரோட்டா அங்கே 'ரொட்டி சானாய்' ஆனது. ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஆற்றும் டீ, 'தே தாரிக்', அதாவது 'இழுத்த டீ' ஆனது. 'மாமா' என்ற உறவுச்சொல்லே அந்தக் கடைகளுக்கு 'மாமாக்' என்ற பெயரைத் தந்தது.

மாமாக் கடைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தது 'கோப்பித்தியாம்'. கோப்பி மலாய்ச் சொல், தியாம் சீனரின் ஹொக்கியன் மொழியில் கடை. ஹைனான் தீவிலிருந்து தாமதமாக வந்து சேர்ந்த சீனர்கள் வெள்ளைக்காரர் வீடுகளில் சமையல்காரர்களாக இருந்துவிட்டு, பிறகு சொந்தக் கடை போட்டார்கள். காப்பிக்கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெய் போன்ற மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுப்பது அவர்கள் கைமுறை. கூடவே சுட்ட ரொட்டி. அதன்மேல் தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்துக் கிளறிய 'காயா' என்ற பசை. அரைவேக்காட்டு முட்டைமேல் சோயாவும் மிளகுத்தூளும். கூலிக்காரனின் காலை அதில் அடங்கிவிடும்.

2024 டிசம்பரில் பராகுவேயின் அசுன்சியோன் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு, மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றும் அதில் முன்னிற்கின்றன. பதிவான தலைப்பு கவனிக்கத் தக்கது: பல இனச் சமூகம் கூடி உண்ணும் அனுபவம். சமையல் குறிப்பைவிடச் சேர்ந்து உட்காருவதைத்தான் மலேசியா முன்வைத்தது.

அந்த உட்காருதலும் அங்கே எளிதாக வாய்த்துவிடவில்லை. பன்றி இறைச்சி விற்கும் சீனர் கடையில் மலாய் முஸ்லிம்கள் உட்காருவதில்லை. இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தது நவீனம்தான். ஈப்போ நகரத்து 'வெள்ளைக் காப்பி'யை 1999இல் பொட்டலமாக விற்கத் தொடங்கிய ஓல்டு டவுன் நிறுவனம், பின்னர் பழைய கோப்பித்தியாமின் சாயலில் நாடெங்கும் கடைகள் திறந்தது. பளிங்கு மேசை, மர நாற்காலி, குளிர்சாதனம். இப்படிப்பட்ட சங்கிலிக் கடைகள் ஹலால் முறைக்கு மாறியதால் மலாய்க் குடும்பங்களும் காயா ரொட்டி தின்ன வந்தன. 2018இல் மெக்டொனால்ட்ஸ் மலேசியாவில் நாசி லெமாக் பர்கரே விற்றது. விலை ஏறியது, பெஞ்சு நீண்டது. மூலைக்கடையில் சில்லறைக்குக் காப்பி குடித்த கிழவருக்கு மட்டும் குளிர்சாதனக் கடை அந்நியமாகிப்போனது.

பாலக்காட்டுச் சாலைகளிலும் நவீனம் வந்துவிட்டது. பரோட்டாவையும் குழம்புக் கறியையும் வாழையிலையில் அடுக்கிக் கட்டி ஆவியில் வைத்தால் 'கிழி பொரோட்டா'. தேங்காய்ப்பாலில் ஊறவிட்டால் 'பால் பொரோட்டா'. இரண்டும் கேரள உணவகங்களின் அண்மைக்காலப் பெருமிதங்கள். பொட்டலத்தில் வரும் பாதி வெந்த பரோட்டா வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் புகுந்தபோது அரசாங்கமே குழம்பியது. 2020இல் கர்நாடகத்தின் ஜி.எஸ்.டி. முன்தீர்ப்பு ஆணையம், பரோட்டா வேறு, ரொட்டி வேறு என்று சொல்லி 18 சதவீத வரி விதிக்கலாம் என்றது. கேரள உயர் நீதிமன்றம் 2024இல் 5 சதவீதம் போதும் என்றது. 2025 செப்டம்பர் 22இல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தில் வரியே இல்லாமல் போயிற்று. கல்லில் வெந்து இலையில் விழும் பரோட்டாவுக்கு இந்த வழக்கு எதுவும் தெரியாது.

மீனாட்சிபுரத்திலிருந்து பாலக்காடு போகும் திசையில், எலப்புள்ளி பஞ்சாயத்தில் இருக்கிறது ராமசேரி. இங்கே இட்லி, தோசைபோலத் தட்டையாக இருக்கும். தமிழகத்திலிருந்து குடியேறிய முதலியார் குடும்பங்களின் தொழில் இது. நெசவு நொடித்த வீடுகளில் பெண்களின் கை அடுப்படியில் சோறு தேடியது. மண்பானையின் வாயில் பொருந்தும் மண்வளையத்தில் நூலால் வலை பின்னி, அதன்மேல் துணி விரித்து மாவை ஊற்றுகிறார்கள். வளையத்தின்மேல் வளையம் வைத்து, மேலே இன்னொரு பானையைக் கவிழ்த்து, புளிய விறகில் வேகவைக்கிறார்கள். தொட்டுக்கொள்ளப் பொடியும் தேங்காய் எண்ணெயும். கூடையில் சுமந்து வயலுக்கும் வீட்டுக்கும் விற்ற பண்டம் இது.

இன்று ராமசேரி இட்லி என்ற பெயர் பெருநகர உணவகங்களின் உணவுப் பட்டியல்களில் இருக்கிறது. இட்லிப் பானைகள் இணையத்தில் விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஊரிலோ இத்தொழிலில் மிஞ்சியிருப்பவை ஒரு சில குடும்பங்கள்தான். விடியுமுன் எழுந்து புகையில் நிற்கும் வேலைக்கு அடுத்த தலைமுறை தயங்குவதில் தப்பில்லை. பெயர் ஊர் சுற்றுகிறது, அதன் வரும்படி அடுப்பங்கரைக்குத் திரும்பி வருவதில்லை. ராமசேரியின் சிக்கல் இதுதான்.

பழையதெல்லாம் தங்கம் என்று கண்ணீர் விடவும் வழியில்லை. மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில், முதலமடை பஞ்சாயத்தில் உள்ள கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி இதற்குச் சாட்சி. தமிழ் பேசும் சக்கிலியர், அதாவது அருந்ததியர் குடும்பங்கள் வாழும் இடம். தங்களைத் தீண்டாமையோடு நடத்துகிறார்கள் என்று அவர்கள் சொன்ன புகார் 2017இல் கேரளத்தையே உலுக்கியது. புகார்களில் குடிநீரும் இருந்தது, டீக்கடையும் இருந்தது. எல்லைக்குக் கிழக்கே கொங்கு நாட்டுக்கும் இரட்டைக் குவளை அறியாத சேதியல்ல. கடை, உணவகம், பொதுக் கிணறு எதிலும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு சொல்கிறது. கடையில் பொதுப் பாத்திரத்தைத் தொடவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1955இலேயே வந்துவிட்டது.

இங்கேதான் காகிதக் கப் வருகிறது. சுத்தம், வசதி, வேகம் என்று நுழைந்த நவீனம் அது. எல்லோருக்கும் ஒரே கப் என்றால் இரட்டைக் குவளை செத்தது என்றுதான் நினைக்கத் தோன்றும். சில ஊர்களில் நடந்தது நேர்மாறு. சிலருக்குக் கண்ணாடி கிளாஸ், சிலருக்குத் தூக்கி எறியும் கப். கேட்டால் சுகாதாரம் என்று பதில். பிளாஸ்டிக் பூச்சுள்ள கப்களைத் தமிழ்நாடு 2019இல் தடை செய்ததற்குச் சுற்றுச்சூழல் காரணம் சொல்லப்பட்டது. அந்தக் கப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த காரணத்தை எந்த அரசாணையும் தொடவில்லை.

டீக்கடைப் பண்டங்களுக்குப் புது உரு கொடுப்பதில் பாவமில்லை. பரோட்டாவும் ஆற்றிய டீயும் தட்டை இட்லியும் எல்லாமே யாரோ ஊர்விட்டு ஊர் போய் மாற்றிச் செய்தவைதான். கிழி கட்டினாலும் பர்கருக்குள் வைத்தாலும் நாக்கு பழகிக்கொள்ளும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. தோட்டக் கூலி முடிந்து வருபவர் அதை வாங்க முடிகிறதா? செய்த கைக்குக் காசு சேர்கிறதா? யாரும் யாருக்கும் எழுந்து இடம்விடாமல் பெஞ்சில் உட்கார முடிகிறதா? ஈப்போவின் சங்கிலிக் கடை மூன்றாவது கேள்வியில் ஓரளவு தேறி, முதலாவதில் தவறியது. ராமசேரியின் பெயரை விற்கும் உணவகங்கள் இரண்டாவதில் தவறுகின்றன. பழைய டீக்கடை முதலாவதில் முழு மதிப்பெண் வாங்கி, மூன்றாவதில் பல ஊர்களில் தோற்றது.

மீனாட்சிபுரத்தில் மாலை நேரத்துக் கூட்டம் இரு மாநிலத்துக்கும் பொது. பொள்ளாச்சிக்குத் திரும்பும் லாரி டிரைவரும் சித்தூர் வயலிலிருந்து வரும் பெண்களும் ஒரே பாய்லரின் முன்னால் நிற்கிறார்கள். ஒருவர் குடித்துவைத்த கிளாஸ் வெந்நீரில் முங்கி எழுந்து அடுத்தவர் கைக்குப் போகிறது. எந்தக் கை என்று மாஸ்டர் பார்க்காதவரை அந்தக் கடை எந்தப் பட்டியலுக்கும் தகுதியானதுதான்.